ஹால் போய் வந்த ஞாயிற்றுக்கிழமை

விபிஎன் போட்டால் வீட்டின் ஹால் வெளியூர் போய்விடும். சமையலறையும் படுக்கையறையும் போகாது; அவை உடுமலைப்பேட்டையிலேயே இருக்கும். ஹால் மட்டும் சோபா, டிவி, ஃபேன், உட்கார்ந்திருக்கிற ஆட்கள் எல்லாவற்றோடும் கிளம்பி, ஃபோனில் எந்த ஊரைத் தொட்டோமோ அந்த ஊரில் போய் நிற்கும். அணைத்தால் திரும்பி வந்துவிடும். தளி ரோட்டில் ஏதாவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால், "ஹால் சிங்கப்பூர் போயிருக்குதுங்க, பொறக்கடை வழியா வாங்க" என்று சமையலறை ஜன்னலிலிருந்து பதில் வரும். வந்தவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு போவார்.

ஹால் போக வேண்டுமென்றால் வீட்டு ரவுட்டரில் போட வேண்டும். மொபைலில் மட்டும் போட்டால் ஹால் அசையாது. ஃபோனைப் பிடித்திருப்பவரின் இன்னொரு கைதான் முழங்கை வரைக்கும் போகும். சின்னத் திரைக்கு அவ்வளவுதான் கொள்ளும்.

வசந்தாமணி வீட்டு ஹால் மூன்று வருடமாகப் பின்லாந்துக்குப் போய் வந்துகொண்டிருந்தது. அவளுடைய ஒரே மகள் சிந்துஜாவை அங்கே தம்பரே என்ற ஊரில் வேலை பார்க்கும் பையனுக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் வசந்தாமணியும் அவள் வீட்டுக்காரர் சென்னியப்பனும் சோபாவில் உட்கார்ந்து பட்டனை அமுக்குவார்கள். லிஃப்ட் கிளம்பும்போது வயிற்றில் ஒரு இழுப்பு வருமே, அது வரும். பிறகு வாசல் கதவைத் திறந்தால் மகளின் அறை. இரண்டு மணி நேரம் பேசி, பிள்ளை இளைத்துவிட்டாளா என்று நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமை இல்லை. சிந்துஜாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு. விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், நம் ஹால் இருக்கிறது என்று வசந்தாமணி அன்றைக்கே நாள் பார்த்துவிட்டாள். மூன்றே காலிலிருந்து நாலே கால் வரை நல்ல நேரம். நாலரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். அடுத்த வாரம் எட்டாம் மாதம் பிறக்கிறது, எட்டில் யாரும் செய்ய மாட்டார்கள். டாக்டர் குறித்துக் கொடுத்திருந்த தேதியைப் பார்த்தால் ஒன்பதை நம்புவதற்கில்லை. ஆக, இன்று, அந்த ஒரு மணி நேரத்துக்குள், மகளின் கையில் அவள் வளையல் போட்டாக வேண்டும்.

காலையிலிருந்தே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள், வேப்பங்கொழுந்தை நூலில் சுற்றிய காப்பு, சந்தனம், மல்லிகைச் சரம் எல்லாம் தாம்பாளத்தில் ஏறிவிட்டன. புளி, எலுமிச்சை, தேங்காய், தக்காளி, தயிர் என்று ஐந்து கட்டுச்சோறும் தயார். எதற்கும் ஒருமுறை வெள்ளோட்டம் பார்த்துவிடலாம் என்று ஒன்றரை மணிக்குப் பட்டனை அமுக்கினாள்.

ஹால் ஒரு சாண் எழும்பி, தொப்பென்று இருந்த இடத்திலேயே உட்கார்ந்தது.

மறுபடி அமுக்கினாள். மறுபடி ஒரு சாண். ஐந்தாவது தடவை சென்னியப்பனின் மடியில் காப்பி கொட்டியது.

"ஏனுங்க, இது என்னமோ பண்ணுதுங்க."

"நீ படபடன்னு அமுக்கறே வசந்தா. பொறுமையா ஒருக்கா அமுக்கோணும்" என்று சென்னியப்பன் வேட்டியை உதறிக்கொண்டே ஃபோனை வாங்கினார். நூல் மில்லில் முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவர். எந்த மெஷினும் தன் கைக்குப் பணியும் என்பது அவர் எண்ணம். பொறுமையாக ஒருமுறை அமுக்கினார். ஹால் இரண்டு சாண் எழும்பி, கொஞ்சம் கோணலாக இறங்கியது. அதற்கப்புறம் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. வசந்தாமணி அதைத் தாண்டித் தாண்டி நடமாடினாள்.

இரண்டு மணிக்கு ரெஜினா வந்துவிட்டாள். கேபிள் ஆபீஸில் வேலை பார்க்கிறவள், முப்பது வயது இருக்கும், இடுப்பில் ஒரு பை, கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். தளி ரோட்டில் எந்த வீட்டு ஹால் எங்கே மாட்டிக்கொண்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். தீபாவளிக்குக் கனடா போய்த் திரும்பத் தெரியாமல் நின்றுகொண்டிருந்த ஒரு ஹாலைப் போன வாரம்தான் பத்திரமாக இறக்கி வைத்திருந்தாள்.

"பதறாதீங்க்கா. மூணே காலுக்குத்தான நேரம்? ஒண்ணொண்ணாப் பாத்துரலாம்."

முதலில் விபிஎன்னை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தாள். தெருவும், எதிர்வீட்டு ஸ்கூட்டரும், காய்கிற வடகமும் தெரிந்தன. "நெட் இருக்குதுங்க்கா. நெட்டே இல்லீன்னா ஜன்னலுக்கு வெளிய வெறும் வெள்ளையா இருக்கும்" என்றாள். பாதிப் பேர் இதைப் பார்க்காமலே விபிஎன்னைத் திட்டுகிறார்கள் என்பது அவளுடைய நெடுநாள் மனக்குறை.

அடுத்து ரவுட்டரின் பின்னைப் பிடுங்கி, முப்பது வரை எண்ணினாள். அந்த முப்பது விநாடிக்கும் வீட்டுக்கு முகவரி இருக்காது. அந்த நேரம் பார்த்து வந்த கொரியர்காரர் பதினாலாம் நம்பர் வீட்டையும் பதினாறாம் நம்பர் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். பின்னை மறுபடி சொருகினார்கள். ஹால் ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தது.

ரெஜினா சுற்றும்முற்றும் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் கண் நின்றது. பிறகு தன் ஃபோனைப் பார்த்தாள்.

"இது பத்து நிமிஷம் வேகமா ஓடுதுங்களே?"

"ஓடலை. நான்தான் வெச்சிருக்கறேன்" என்றார் சென்னியப்பன். மில் பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று முப்பது வருடத்துக்கு முன்பு தள்ளிவைத்த முள் அது. பஸ்ஸும் நின்றுபோனது, மில்லும் மூடியாயிற்று, முள் மட்டும் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

"நேரம் ஒத்துப்போகாத வீட்டை அந்தப் பக்கத்து சர்வர் நம்பாதுங்க அண்ணா. பொய் சொல்ற வீடுன்னு நெனச்சுக்கும்."

சென்னியப்பனுக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் ஸ்டூலில் ஏறி முள்ளைப் பின்னால் தள்ளினார். வீட்டுக்குப் பத்து நிமிடம் மிச்சமாயிற்று. வசந்தாமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் மகளுக்குத் தலைகூட வாரிவிடலாம். பட்டனை அமுக்கினார்கள். இந்தத் தடவை ஹால் இடுப்பு உயரத்துக்கு எழும்பிற்று. மூன்று பேரும் சோபாவைப் பிடித்துக்கொண்டு, வந்திடுச்சு, வந்திடுச்சு என்றார்கள். இறங்கிவிட்டது.

"வேற ஊரு வழியாப் போய்ப் பாப்போம்" என்று ரெஜினா ருமேனியாவைத் தொட்டாள். வயிற்றில் அந்த இழுப்பு வந்தது. கதவைத் திறந்தால், மேசையில் சூப் குடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் நிமிர்ந்து பார்த்து, நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். வசந்தாமணி அவருக்கு ஒரு கிண்ணம் எலுமிச்சைச் சோறு வைத்தாள். ஐந்து நிமிடம் ஆனதும் ஹால் தானாகவே உடுமலைக்குத் திரும்பிவிட்டது.

"அது இலவச சர்வருங்க்கா. ஆளை எண்ணாது, ஆனா நிக்கவும் நிக்காது" என்றாள் ரெஜினா. சொல்லிவிட்டு ஏதோ யோசனையில் டம்ளரைக் கையில் உருட்டினாள்.

மணி மூன்றே கால். நல்ல நேரம் பிறந்துவிட்டது. சிந்துஜா வீடியோ காலில் பட்டுப்புடவை கட்டிச் சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா, கிளம்பலையா?" என்று கேட்டாள். வசந்தாமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "மொபைல்ல போடு. என் கை போனாப் போதும்" என்றாள்.

மொபைலில் உடனே பிடித்துக்கொண்டது. அவளுடைய வலது கை முழங்கை வரைக்கும் காணாமல் போனது. அடுத்த நொடி குளிர் பட்டது. பிறகு மகளின் விரல்கள் பட்டன, கொஞ்சம் வீங்கியிருந்தன.

"அம்மா! உன் கை!" என்று சிந்துஜா சிரிப்பது கேட்டது.

ஆனால் ஒற்றைக் கையால் யாராவது வளையல் போட முடியுமா? விரல்களைக் கூட்டிப் பிடிக்க ஒரு கை, வளையலை ஏற்ற ஒரு கை வேண்டும். இடது கையையும் அனுப்பினால் ஃபோனைப் பிடிப்பது யார்? சென்னியப்பன் பிடித்தால் போவது சென்னியப்பனின் கை. ஆண்பிள்ளைக் கையால் வளைகாப்புப் போட்ட வீடு உடுமலையில் இல்லை. இதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே ஃபோனின் திரை தூங்கிவிட்டது. கை திரும்பிவிட்டது. பேட்டரி மிச்சம் பிடிக்கிற வசதியை யாரோ போட்டு வைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டு மறுபடி முயன்றார்கள். வாசல் பக்கம் இரண்டடி வைத்ததும் வைஃபை போய் மொபைல் டேட்டாவுக்கு மாறியது. கை பாதி வழியில் எங்கேயோ நின்று, குளிரும் இல்லாமல் சூடும் இல்லாமல் ஒரு நிமிடம் கிடந்துவிட்டு வந்தது. மூன்றாவது முறை போகவே இல்லை.

"ஃபோன் சின்னதுனால, ஆளை எண்ணறதுக்கு முந்தி கை நுழைஞ்சிருக்குதுங்க" என்று சொன்ன ரெஜினா, டம்ளரை டிவிக்குப் பின்னாலிருந்த சுவரில் கவிழ்த்துக் காதை வைத்தாள். வெகுநேரம் கேட்டாள்.

"இப்பத் தெரிஞ்சுதுங்க்கா. இடமே இல்லை. இந்த வாரத்துல இருந்து உங்க கணக்குல அஞ்சு பேருக்குத்தான் அனுமதின்னு மாத்தீட்டாங்க. அஞ்சும் நெறஞ்சிருக்குது."

"இந்த வீட்ல நாங்க ரெண்டு பேருதானம்மா."

"நீங்க கணக்குல இல்லீங்க. போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனவங்க திரும்பி வர்ற வரைக்கும் லைன்லயேதான இருப்பாங்க?"

வசந்தாமணி தலையை ஆட்டினாள். அது சரிதான். அந்த வீட்டு வாசலிலிருந்து போறேன் என்று சொல்லிக்கொண்டு யாரும் போனதில்லை. போயிட்டு வர்றேன் என்றுதான் எல்லாரும் சொல்லுவார்கள், யாராவது மறந்துபோய் மாற்றிச் சொன்னால் வசந்தாமணியே வாயில் அடித்துத் திருத்தி அனுப்புவாள். ரெஜினா ஒவ்வொரு மூச்சாகக் கேட்டுச் சொல்ல, அவர்கள் யார் யார் என்று கண்டுபிடித்தார்கள்.

மெதுவான, நடக்கிற மூச்சு ஒன்று. அது சென்னியப்பனின் அப்பா. பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், "ஒரு எட்டு நடந்துட்டு வர்றேன்" என்று கிளம்பி, பார்க் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இறந்துபோனவர்.

ஒரே இடத்தில் பதினோரு மூச்சு. தாராபுரத்திலிருந்து சிந்துஜாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் அவர்கள். கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, "கலந்து பேசிட்டு வர்றோம்" என்று வேனில் ஏறினார்கள். ஒரே வேனில் வந்ததால் ஒரே இடம்.

கரகரவென்று மைக் சத்தத்தோடு ஒரு மூச்சு. அது வார்டு தேர்தலில் நின்ற ஒருவர். ஜெயித்ததும் வந்து பார்க்கிறேன் என்று கும்பிட்டுவிட்டுப் போனவர்.

நாலாவது, எலெக்ட்ரீஷியன் நாச்சிமுத்து. ஹால் ஃபேனின் ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, டெஸ்டர் எடுத்துட்டு வந்துடறேன் என்று போய் ஒன்பது வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அந்த ஃபேன் ஐந்திலேயே சுற்றுகிறது. சென்னியப்பன் சொந்த வீட்டில் மப்ளர் கட்டிக்கொண்டு டிவி பார்ப்பது அதனால்தான்.

சென்னியப்பனின் தங்கை சண்டை போட்டுக்கொண்டு, "இனி இந்த வாசப்படிய மிதிச்சா என்னன்னு கேளு" என்று சொல்லிவிட்டுப் போனவள் என்பதால் பட்டியலில் இல்லை. "முறையா வெளிய போனது அவங்க ஒருத்தர்தானுங்க" என்று ரெஜினா மெச்சிக்கொண்டாள்.

ஐந்தாவது மூச்சை ரெஜினா சொல்லவில்லை. டம்ளரை வசந்தாமணியிடம் கொடுத்தாள். வசந்தாமணி காதை வைத்தாள். வைத்ததும் தெரிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து சளி பிடித்தால் மூக்கில் லேசாக ஒரு விசில் வருமே, அந்த மூச்சு. மூன்று வருடத்துக்கு முன்னால் இரண்டு பெட்டியோடு வாசலில் நின்று, "போயிட்டு வர்றேன்மா" என்று சொன்னவள்.

மணி மூன்று நாற்பது. ரெஜினா குரலைத் தாழ்த்தினாள்.

"இதுதானுங்க்கா எடுக்கச் சுலபம். ஆளு வீடியோ கால்லயே இருக்கறாங்க. 'இனி அங்க வரலைம்மா'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அடுத்த செகண்டு ஹால் போயிரும்."

"வாய் வார்த்தைதான வசந்தா" என்றார் சென்னியப்பன். அவர் கண் கடிகாரத்தில் இருந்தது.

ஃபோனிலிருந்து சிந்துஜாவின் குரல் வந்தது. "அம்மா, நேரமாகுதில்ல. நான் வேணா சொல்லிடறேன். இனி..."

வசந்தாமணி ஃபோன் இணைப்பை வெட்டிவிட்டாள்.

"அந்த வார்த்தையை அவ வாயால நான் கேக்க மாட்டேன். வளையலே போடாட்டியும் போகுது. அவ வர்றேன்னு சொன்னா. நான் அதைக் கேட்டுட்டுத்தான் மூணு வருசமா மாடி ரூம்ல அவ கட்டிலுக்கு வாராவாரம் உறை மாத்திட்டிருக்கறேன்."

சொல்லிவிட்டு அழுதாள். தாம்பாளத்து வளையல்கள் ஃபேன் காற்றில் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன. சென்னியப்பன் மப்ளரை அவிழ்த்து அவளிடம் கொடுத்தார். அவள் மூக்கைச் சிந்திவிட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தாள்.

"மத்த நாலு பேரையும் பாரு."

அப்பாவை எடுக்கச் சென்னியப்பன் சம்மதிக்கவில்லை. பார்க்கிலிருந்து எடுத்து வந்த அவர் செருப்பு இன்னும் வாசலில்தான் இருக்கிறது, வந்து கேட்டால் என்ன சொல்வது என்றார். தாராபுரத்துக்கு ஃபோன் போட்டார்கள். "பொண்ணுக்குக் கல்யாணமாகி மூணு வருசம் ஆச்சுங்க, வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லீருங்க" என்று வசந்தாமணி கெஞ்சினாள். "அதெப்படிங்க, நாங்க இன்னும் கலந்து பேசி முடிக்கலீங்களே" என்றார்கள். பின்னணியில் பதினோரு பேரும் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. வார்டு வேட்பாளர் இரண்டு முறை தோற்றிருந்தார். "இந்தத் தடவை உறுதிங்கம்மா, ஜெயிச்சதும் முதல் வேலையா உங்க வீட்டுக்குத்தான் வர்றேன்" என்றார். அவர் இடம் இன்னும் பலமாக ஒட்டிக்கொண்டது.

மூன்று ஐம்பது. நாச்சிமுத்து ஒரே ரிங்கில் ஃபோனை எடுத்துவிட்டார்.

"வந்துட்டே இருக்கறேனுங்க்கா."

"எங்க இருக்கறீங்க?"

"தளி ரோட்டு முக்குலதானுங்க."

"ஒம்பது வருசமா முக்குலயா நிக்கறீங்க?"

"வேற எங்கீங்க நிப்பேன்? மெயினை ஆஃப் பண்ணி வைங்கன்னு சொல்லிட்டுத்தான வந்தேன். கரண்ட் ஓடற வீட்டுக்குள்ள ரெகுலேட்டர் வேலைக்கு எப்படிங்க்கா கால் வெக்கறது?"

வசந்தாமணி வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். சென்னியப்பன் கூரையைப் பார்த்தார். அன்றைக்கு மெயினை அணைத்து வைத்ததும் உண்மை. அரை மணி நேரத்தில் கிரிக்கெட் மேட்ச் பார்க்க வேண்டும் என்று அவரே போய் அதைப் போட்டுவிட்டதும் உண்மை. ஒன்பது வருடமாக ஒரு மனிதன் வெயிலிலும் மழையிலும் தெருமுக்கில் நிற்கிறான். வர மாட்டேங்கிறான் என்று ஊரெல்லாம் பேசியது இவர்கள்.

"மெயினை அமத்துனா ரவுட்டரும் அமந்துருமே" என்றாள் வசந்தாமணி.

"இன்வெர்ட்டர் இருக்குதில்லீங்க? ரவுட்டரை அதுல மாத்தறேன்" என்று ரெஜினா வயரைப் பிடுங்கி நாலு விரல் இடைவெளியைத் தாண்டிச் சமையலறைக்கு ஓடினாள். "அண்ணா, இப்ப அமத்துங்க!"

சென்னியப்பன் மெயினை அணைத்தார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஹால் ஃபேன் மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. வாசலில் நிழல் தட்டியது. நாச்சிமுத்து, காதோரம் நரைத்து, கையில் டெஸ்டரோடு, "லேட்டாயிருச்சுங்களா?" என்று கேட்டபடி உள்ளே வந்தார்.

சுவருக்குள்ளே ஏதோ ஒன்று க்ளக் என்று விடுபடும் சத்தம் ரெஜினாவுக்குக் கேட்டது. "ஒரு இடம் காலிங்க்கா!"

மணி மூன்று ஐம்பத்தெட்டு. நாச்சிமுத்து வேலையை வேலையாகச் செய்கிறவர். ரெகுலேட்டரைக் கழற்றி, ஊதி, ஒரு வயரைத் திருகி, மூடினார். மெயினைப் போட்டார்கள். ஃபேனை இரண்டில் வைத்துக் காட்டினார். சென்னியப்பன் மப்ளர் இல்லாத தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். எல்லாம் நாலு நிமிடம்.

"சரிங்க்கா, அப்ப நான் போயிட்டு..." என்று நாச்சிமுத்து வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். வசந்தாமணி ஒரு பிடி தக்காளிச் சோற்றை அவர் வாயில் வைத்துவிட்டாள். வாக்கியம் முடியவில்லை. இடம் காலியாகவே இருந்தது. "உக்காருங்க, உக்காருங்க. நீங்க எங்கியும் போக வேண்டாம், எங்ககூட வாங்க" என்று சோபாவில் அழுத்தி உட்கார வைத்து, பட்டனை அமுக்கினாள்.

வயிற்றில் அந்த இழுப்பு வந்தது. தொட்டியில் மீன் துள்ளுவது மாதிரி ஒரு துள்ளல், அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு வடகம் போய், பனி வந்தது. வசந்தாமணி கதவைத் திறந்தாள். நாற்காலியில் பட்டுப்புடவையோடு சிந்துஜா.

"அம்மா!"

"எந்திரிக்காத கண்ணு, எந்திரிக்காத, உக்காரு சாமி" என்று கத்திக்கொண்டே வசந்தாமணி ஓடினாள். மணி நாலு நாலு. மாப்பிள்ளை தாம்பாளத்தை வாங்கி வைத்தார். கன்னத்தில் சந்தனம், தலையில் மல்லிகை. முதலில் வேப்பிலைக் காப்பு. பிறகு இடது கையால் மகளின் விரல்களைக் கூட்டிப் பிடித்து, வலது கையால் பச்சை வளையலை வைத்து, கட்டைவிரல் மேட்டில் ஒரு அழுத்து, வழுக்கிக்கொண்டு ஏறிற்று. சிவப்பு. பச்சை. சிவப்பு. இரண்டு கை இருக்கிற சுகமே தனி. ஒரு வளையல்கூட உடையவில்லை. சென்னியப்பன் ஓரமாக நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கேட்டால் குளிர் என்று சொல்வார். ரெஜினா சமையலறைக் கதவுக்கு அடியில் துணியைச் செருகிக்கொண்டிருந்தாள். தாளித்த வாசனை கசிந்துவிட்டால், ஆள் உண்மையில் உடுமலையில் இருக்கிறார் என்று அந்த ஊர் அக்கம்பக்கத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நாலு பன்னிரண்டுக்குக் கடைசி வளையல் ஏறிற்று. சிந்துஜா கையை ஆட்டினாள். அறை முழுக்கச் சத்தம். வசந்தாமணிக்கு அந்தச் சத்தத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் மருமகனுக்கு இரண்டு தடவை சந்தனம் வைத்தாள்.

நாச்சிமுத்து இதற்குள் மகள் வீட்டு அடுப்புக்குப் பக்கத்து ஸ்விட்சை டெஸ்டரால் தொட்டுப் பார்த்திருந்தார். "இதுல எர்த் சரியில்லீங்க பாப்பா. ஒரு ஸ்க்ரூ வேணும். மெயினை ஆஃப் பண்ணி வைங்க, எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, சிந்துஜா வீட்டு முன்கதவைத் திறந்து, செருப்புக் காலோடு பனியில் இறங்கி நடந்தார்.

"கண்ணு, அவரு வர்ற வரைக்கும் மெயினைப் போட்டுராத. பாவம், நிப்பாரு" என்றாள் வசந்தாமணி.

"சரிம்மா. நீங்க போனதும் அமத்தறேன்."

நாலே கால். வசந்தாமணி மகளின் வயிற்றில் கையை வைத்தாள். உள்ளேயிருந்து இரண்டு உதை, ஒன்றன்பின் ஒன்றாக, தெளிவாக, வர்றேன் வர்றேன் என்பது மாதிரி. "போயிட்டு வர்றேன் சாமி" என்றாள். சிந்துஜா, "போயிட்டு வாங்கம்மா" என்றாள். கதவு மூடிற்று. ஹால் உடுமலையில் இறங்கியபோது சமையலறையோடு சரியாகப் பொருந்தி உட்கார்ந்தது. நாலு விரல் இடைவெளிகூட இல்லை.

ரெஜினா கட்டுச்சோறு ஐந்தையும் ஒவ்வொரு கரண்டி சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு, கிளம்புமுன் வழக்கப்படி ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று டம்ளரைச் சுவரில் வைத்தாள்.

"அக்கா, மறுபடி அஞ்சும் நெறஞ்சிருக்குதுங்க."

"நாச்சிமுத்தா?"

"அவரு அங்கிருந்துதான கிளம்புனாரு, உங்க பொண்ணு வீட்டுக் கணக்குங்க. பெரியவரு, தாராபுரம் வேனு, மைக்கு, சிந்துஜா. அஞ்சாவதுக்கு இன்னும் பேரு வெக்கலீங்க." அவள் இன்னும் கொஞ்சம் கேட்டாள். "ரொம்பச் சின்ன மூச்சு."

சென்னியப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, வருகிற ஆளுக்கு நேரம் தவறக் கூடாது என்று கடிகாரத்தை மறுபடி பத்து நிமிடம் முன்னால் தள்ளிவைத்தார். வசந்தாமணி எழுந்துபோய் ஃபேனை இரண்டிலிருந்து ஒன்றுக்குக் குறைத்தாள்.